குருதி சொன்ன கதை – 17: காணாமற்போன துண்டு

போன இதழை ஃபிலடெல்ஃபியாவில் நிறுத்தியிருந்தோம். பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், சி.எம்.எல். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் வெள்ளணுக்களில், வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். ஆண்டு 1960. ஊரின் பெயரே அந்தக் குட்டைக் குரோமோசோமுக்கும் ஆகிவிட்டது. அதன் ஒரு துண்டு அறுந்து போயிருக்க வேண்டும், அதனால்தான் குட்டை என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

சரி, அறுந்த துண்டு எங்கே போயிற்று?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டுவிடும் கேள்விதான். ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகள் அதற்கு விடை கிடைக்கவில்லை. அந்தக் காலத்து விஞ்ஞானிகளைக் குறை சொல்லிவிடக் கூடாது. அவர்கள் கையில் இருந்த கருவி அவ்வளவுதான் காட்டியது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பதே 1956இல்தான் உறுதியானது. அன்றைய சாயத்தில் தோய்த்தால் அத்தனையும் ஒரே கறுப்பாகத் தெரியும். நீளம் எவ்வளவு, நடுவில் இடுப்புப் போல ஒடுங்கும் இடம் எங்கே என்ற இரண்டை மட்டும் வைத்து அவற்றை ஏழு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாம் ஒரு கூட்டம். அதற்குள் எது எட்டு, எது ஒன்பது என்று சொல்ல முடியாது. இருட்டில் பள்ளிப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியது போலத்தான்: உயரம் தெரியும், முகம் தெரியாது. இருப்பதிலேயே சிறிய பிள்ளை இன்னும் சிறுத்துப்போனால் கண்ணில் படும். நடுவரிசையில் ஒருவன் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டால் யார் கவனிப்பார்கள்?

கருவியின் குறையோடு கருத்தின் தடையும் இருந்தது. புற்றணுவுக்குள் குரோமோசோம்கள் தாறுமாறாகக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். புற்றுநோய்க்குக் காரணமே குரோமோசோம் கோளாறாக இருக்கலாம் என்று தியோடோர் போவேரி 1914இலேயே எழுதிவைத்துவிட்டார். ஆனால் 1960களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நோய் வந்ததால் குரோமோசோம் கெட்டது, குரோமோசோம் கெட்டதால் நோய் வரவில்லை என்பதே பொதுவான எண்ணம். வீடு எரிந்தபின் உடைந்து கிடக்கும் ஓடுகளை எண்ணுவதால் தீ எப்படிப் பற்றியது என்று தெரிந்துவிடுமா என்பது அவர்கள் வாதம். ஃபிலடெல்ஃபியாக் குரோமோசோம் ஒன்றுதான் விதிவிலக்கு. நோவெல்லும் ஹங்கர்ஃபோர்டும் காட்டியதற்கு இணையாக இன்னொன்றை யாராலும் காட்ட முடியவில்லை. ஆகவே அதையும் ஒரு புதிராக ஒதுக்கிவைத்தார்கள்.

காணாமற்போன துண்டைக் கண்டுபிடித்தவர் ஜேனட் ரௌலி. அப்போது அவர் சிகாகோவில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான்கு ஆண் பிள்ளைகளின் தாய்.

ஜேனட் டேவிசன் 1925 ஏப்ரல் 5 அன்று நியூயார்க்கில் பிறந்தார். இரண்டு வயதில் குடும்பம் சிகாகோவுக்கு வந்தது. அம்மா பள்ளி ஆசிரியை. பதினைந்தாவது வயதில் உதவித்தொகை பெற்றுச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஒரு சிறப்புத் திட்டத்தில் சேர்ந்தார். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளையும் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாக இணைத்த படிப்பு அது. பத்தொன்பது வயதில் முதல் பட்டம். உடனே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். தகுதி இருந்தது, இடம் இல்லை. 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு மூன்று இடம்தான், அந்த மூன்றும் நிரம்பிவிட்டன என்றார்கள். ஒன்பது மாதம் காத்திருந்து அடுத்த வகுப்பில் சேர்ந்தார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த மூன்றில் ஓர் இடம்கூடக் கிடைக்காமல் வேறு வேலைக்குப் போய்விட்ட பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எதையெல்லாம் கண்டுபிடித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

1948இல் மருத்துவப் பட்டம். மறுநாளே திருமணம். மணமகன் உடன்படித்த டொனால்டு ரௌலி. பின்னாளில் நோயியல் ஆய்வாளரானவர். பயிற்சிக் காலம் முடிந்ததும் ஜேனட் முழுநேர மருத்துவராகப் போகவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். தாய்சேய் நல மையங்களில் வாரத்தில் சில நாள் வேலை பார்த்தார். 1955இல் சிகாகோவில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் பகுதிநேரமாகச் சேர்ந்தார். அங்கே வந்த பிள்ளைகளில் பலருக்கு டவுன் நோய்க்குறி. அது ஏன் வருகிறது என்று அன்று எவருக்கும் தெரியாது.

1959இல் பாரிஸிலிருந்து செய்தி வந்தது. டவுன் நோய்க்குறியுள்ள பிள்ளைகளுக்கு இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று ழெரோம் லெழூன் குழுவினர் அறிவித்தார்கள். தான் தூக்கிக் கொஞ்சிய பிள்ளைகளின் முகத்துக்கும் மைக்ராஸ்கோப்பில் தெரியும் ஒரு சிறு புள்ளிக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது என்பது ஒரு மருத்துவரை எப்படி உலுக்கியிருக்கும்! ஜேனட்டின் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். 1961இல் கணவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் ஓராண்டு ஆய்வு விடுப்பு கிடைத்தது. உடன்போன ஜேனட் அங்கே சும்மா இருக்கவில்லை. லாஸ்லோ லாய்தாவின் ஆய்வகத்தில் சேர்ந்து, குரோமோசோம்கள் தம்மைப் பிரதி எடுக்கும் வரிசையைக் கதிரியக்கம் ஏற்றிய வேதிப்பொருள் கொண்டு பின்தொடரும் முறையைக் கற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சனைப் போய்ப் பார்த்தார். ஜேக்கப்சன் பெரிய இரத்தவியல் நிபுணர். ஆர்கான் புற்றுநோய் ஆய்வு மருத்துவமனையின் இயக்குநர். ஜேனட் கேட்டவை சொற்பம்: ஒரு மைக்ராஸ்கோப், படம் கழுவ ஓர் இருட்டறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகும்படி ஆண்டுக்கு 5,000 டாலர் சம்பளம். வேலை பகுதிநேரம்தான். கேட்டவரிடம் சொல்லும்படியான ஆய்வுப் பதவியும் இல்லை, கட்டுரைக் குவியலும் இல்லை. ஜேக்கப்சன் சரி என்றார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: நம் மருத்துவமனைக்கு இரத்தப் புற்றுநோய்க்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களுடைய குரோமோசோம்களைப் பாருங்களேன்.

வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் இங்கிருந்து நேராக 1972க்குத் தாவிவிடுவார்கள். எனக்கு இந்த இடைப்பட்ட பத்தாண்டுகளைத் தாண்ட மனம் வரவில்லை. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள். அதிலுள்ள அணுக்களைப் பிரியும் நிலையில் நிறுத்திக் கண்ணாடியில் பரப்ப வேண்டும். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விரிந்து கிடக்கும் ஓர் அணுவைத் தேடிப் பிடித்துப் படமெடுக்க வேண்டும். பிறகு அச்சிட்ட படத்திலிருந்து 46 துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி சேர்த்து ஒட்ட வேண்டும். ஓர் அணு முடிந்தால் அடுத்த அணு. ஒரு நோயாளி முடிந்தால் அடுத்தவர். இத்தனை செய்தும், ஒருவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒன்று கூட, இன்னொருவருக்கு இந்தக் கூட்டத்தில் ஒன்று குறைய என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியவில்லை. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாத வேலையில் பத்தாண்டுகள்! அந்தப் பத்தாண்டில், உங்கள் ஆய்வால் என்ன கண்டீர்கள் என்று அவரை யாரும் நெருக்கவில்லை. பகுதிநேர ஊழியராக இருந்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். அதையும் அவர் வீணாக்கவில்லை. அவருடைய கண் பழகியது அந்த ஆண்டுகளில்தான். எந்தக் குரோமோசோம் எப்படி வளையும், எது எங்கே மங்கும் என்பது, நெல் வியாபாரி கைப்பிடி நெல்லைப் பார்த்தே இரகம் சொல்வது போல அவருக்குப் பழக்கமாயிற்று.

1970இல் மறுபடி ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஆண்டு. இம்முறை அங்கே புதிய வித்தை ஒன்று வந்திருந்தது. ஸ்டாக்ஹோமில் டோர்பியோர்ன் காஸ்பெர்சனும் லோரே ஸெக்கும், குவினாக்ரின் வகைச் சாயமொன்றைக் குரோமோசோமில் ஏற்றிப் புற ஊதா ஒளியில் பார்த்தால் பளிச்சென்றும் மங்கலாகவும் மாறிமாறிப் பட்டைகள் தெரிவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். குவினாக்ரின் மலேரியாவுக்குக் கொடுத்த மருந்து. அந்தப் பட்டைகள் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி. வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகத்தில் முதன்முறையாக விளக்கு விழுந்தது. வால்டர் போட்மரின் ஆய்வகத்தில் ஜேனட் இந்த வித்தையைக் கற்றார். ஃபிலடெல்ஃபியாக் குரோமோசோம் இருபத்தொன்று அல்ல, இருபத்திரண்டு என்பதும் இந்தப் பட்டைகளால்தான் அந்நாட்களில் தெளிவாயிற்று.

இனி 1972. சிகாகோவின் ஹைடு பார்க்கில் உள்ள வீடு. வேலைக்குப் போகாத நாட்களில் படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி வெட்டி ஒட்டுவது ஜேனட்டின் வழக்கம். அம்மா காகிதப் பொம்மை வெட்டி விளையாடுவதற்குச் சம்பளம் வாங்குகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

முதலில் அகப்பட்டது, பலரும் நினைப்பதுபோல ஃபிலடெல்ஃபியாக் குரோமோசோமின் துண்டு அல்ல. ஏ.எம்.எல். என்ற தீவிர வகை இரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவரின் அணுக்களில், எட்டாம் குரோமோசோமின் நுனி குறைந்திருந்தது; இருபத்தொன்றாவது நீண்டிருந்தது. இரண்டும் தம் நுனிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. எதுவும் தொலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது! ஆய்வாளர்கள் இதை இடமாற்றம் என்பார்கள்; டி(8;21) என்று எழுதுவார்கள். இரத்தப் புற்றணுவில் இப்படியொரு கொடுக்கல் வாங்கலை அதுவரை யாரும் காட்டியதில்லை. இந்தக் கட்டுரை 1973இல் ஒரு பிரெஞ்சு மரபியல் சஞ்சிகையில் வெளிவந்தது. அதிகம் பேர் படிக்காத சஞ்சிகை அது. ரௌலியின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் ஒன்பதையும் இருபத்திரண்டையும்தான் சொல்கிறார்கள். எட்டும் இருபத்தொன்றும்தான் முதலில் வந்தவை, கதவைத் திறந்தவை. அதை அழுத்திச் சொல்ல வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

அடுத்து சி.எம்.எல். இந்த நோய் சில ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். பிறகு ஒருநாள் சீறி எழும்; முதிராத வெள்ளணுக்கள் இரத்தத்தில் வெள்ளமாகப் பெருகும். அந்தச் சீற்ற நிலைக்கு வந்துவிட்டவர்களின் படங்களை ஜேனட் வெட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாவது, எதிர்பார்த்ததுபோல, குட்டையாக இருந்தது. ஆனால் ஒன்பதாவதன் நுனியில் மங்கலான ஒரு பகுதி கூடுதலாக ஒட்டியிருந்தது. நோய் சீறியதால் புதிதாக வந்த கோளாறு போலும் என்றே முதலில் நினைத்தார். அப்படி நினைத்ததோடு விட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையே இல்லை. அதே நோயாளிகளிடம் நோய் அடங்கியிருந்த காலத்தில் எடுத்த பழைய கண்ணாடிகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். ஒன்பதாவது அப்போதும் நீண்டிருந்தது. அப்படியானால் அது தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. கூடிய பகுதியின் அளவும் இருபத்திரண்டில் குறைந்த பகுதியின் அளவும் ஏறக்குறைய ஒன்று.

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொலைந்துபோனதாக எண்ணியிருந்த துண்டு ஒன்பதாம் குரோமோசோமின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நேச்சர் சஞ்சிகைக்கு அனுப்பினார். கட்டுரை உடனே ஏற்கப்படவில்லை. மேலும் சில நோயாளிகளின் சான்றைச் சேர்த்த பிறகு 1973 ஜூனில் அச்சேறியது. ஆசிரியர் என்று ஒரே ஒரு பெயர்தான். இன்றைய ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் பட்டியலே அரைப் பக்கம் ஓடுகிறது. அன்று ஒரு பெண், ஒரு கத்தரிக்கோல், ஒரு மேசை.

நுனி மாறினால் நோய் ஏன் வரவேண்டும்? அன்று ரௌலிக்கும் இதற்கு விடை தெரியாது. இப்போது நமக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். பைண்டிங் கடையில் இரண்டு தடித்த புத்தகங்களின் கடைசிப் பக்கங்கள் கழன்று, ஒன்றினுடையது மற்றொன்றில் சேர்ந்து தைக்கப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பக்கங்களில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் தையல் விழுந்த இடத்தில், ஒரு புத்தகத்தில் பாதியில் நின்ற வாக்கியம் மற்றதன் நடுவாக்கியத்தோடு ஒட்டிப் புதிய வாக்கியம் ஒன்று பிறந்துவிடுகிறது. பொருளற்ற உளறலாக இருந்தால் பெரும்பாலும் கதை அதோடு முடியும். இங்கே பிறந்தது பொருளுள்ள வாக்கியம், அதிலும் ஒரு கட்டளை வாக்கியம்: பெருகு, பெருகு, நிறுத்தாதே.

அந்த வாக்கியத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின. ஒன்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு ஏபிஎல் என்ற மரபணு பெயர்ந்திருப்பதை நெதர்லாந்திலும் அமெரிக்காவிலுமாக வேலை செய்த ஒரு கூட்டம் 1982இல் காட்டியது. இருபத்திரண்டில் அது போய் ஒட்டிய இடத்துக்கு பிசிஆர் என்று 1984இல் பெயரிட்டார்கள். இரண்டும் சேர்ந்த பிசிஆர்-ஏபிஎல் மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. இயல்பான ஏபிஎல் தேவைப்படும்போது இயங்கி, வேலை முடிந்ததும் ஓயும் நொதி. ஒட்டுப்போட்ட புரதமோ ஓய்வதே இல்லை.

இதற்கிடையில் ரௌலி கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஏ.பி.எல். என்று ஒரு வகை இரத்தப் புற்றுநோய் உண்டு (மேலே சொன்ன மரபணுவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது நோயின் பெயர்ச் சுருக்கம்). இரத்தப் புற்றுநோய்களில் மிக வேகமாகக் கொல்வது இதுதான். இரத்தம் உறையும் ஒழுங்கே குலைந்து, மூளையிலும் நுரையீரலிலும் கசிந்து, நோய் என்னவென்று தெரிந்த சில நாட்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். இந்த நோயாளிகளிடம் பதினைந்தும் பதினேழும் நுனி மாறியிருப்பதை 1977இல் ரௌலியும் உடன்பணியாற்றியவர்களும் லான்செட்டில் வெளியிட்டார்கள். வேறு எந்த இரத்தப் புற்றுநோயிலும் காணாத இடமாற்றம் அது. இத்தனை திட்டவட்டமாக ஒரு நோய்க்கு ஒரு மாற்றம் என்று பொருந்துவது தற்செயலாக இருக்க முடியாது. எரிந்த வீட்டு ஓடுகள் என்று ஒதுக்கியவர்கள் மெல்ல மௌனமானார்கள். முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். வயது ஐம்பத்திரண்டு.

அதே ஆண்டுகளில் இன்னொன்றையும் கவனித்தார். வேறு புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சும் கடும் மருந்துகளும் பெற்று, பிழைத்து, சில ஆண்டுகள் கழித்து இரத்தப் புற்றுநோயோடு திரும்பிவந்தவர்களின் அணுக்களில் ஐந்தாவது அல்லது ஏழாவது குரோமோசோம் அடிக்கடிக் காணாமற்போயிருந்தது. சிகிச்சையே விட்டுச்சென்ற தழும்பு அது. பிறகு 1990களின் தொடக்கத்தில், பச்சிளங் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் பெரும்பங்கு வகிக்கும் எம்எல்எல் மரபணுவைப் பதினொன்றாம் குரோமோசோமில் இனங்கண்ட குழுக்களில் அவருடையதும் ஒன்று.

இப்போது பலனுக்கு வருவோம். ஒட்டுப் புரதம் ஓயாமல் இயங்குவதுதான் சி.எம்.எல். நோயின் வேர் என்றால், அந்தப் புரதத்தை மட்டும் அடைக்கும் மருந்து ஒன்று செய்ய முடியுமா? பாசல் நகரின் சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலஸ் லிடன் முதலானோர் செய்த வேதிப்பொருளை, ஆரிகனில் இருந்த பிரையன் ட்ரூக்கர் சி.எம்.எல். அணுக்களில் சோதித்தார். புற்றணுக்கள் மடிந்தன, நல்ல அணுக்கள் தப்பின. 1998 ஜூனில் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணு எண்ணிக்கை இயல்புக்கு வந்துவிட்டது. இரத்தப் புற்றுநோய் வரலாற்றில் அதுவரை எந்த மாத்திரையும் அப்படி வேலை செய்ததில்லை. அதன் பெயர் இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. கிளீவெக் என்ற பெயரில் வந்தது. சில ஆண்டுகளில் முடிந்துபோயிருக்க வேண்டிய வாழ்க்கைகள் காலைச் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை என்ற அளவில் நீண்டன. மருத்துவமனைக் கோப்புகளில் ரௌலியின் 1973ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு டி(9;22) என்ற ஒரு வரியாக நிற்கிறது. அந்த வரி இருந்தால்தான் இந்த மாத்திரை.

இந்த இடத்தில் கதை சென்னைக்கு வருகிறது. சீபா-கெய்கி இணைப்பினால் உருவான நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாட்டினிப் உப்பின் ஒரு படிக வடிவத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். அந்த நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து ஏறக்குறைய 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது. நிறுவனம் நம் நாட்டு நோயாளிகள் பலருக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்துவந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சி.எம்.எல். நோயாளி மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர். ஆண்டுக்கணக்காக ஒரு குடும்பம் இன்னொருவர் தயவை நம்பி இருப்பது எப்படி? நோயாளிகள் நலச் சங்கம் ஒன்றும் இந்திய நிறுவனங்களும் எதிர்ப்பு மனு கொடுத்தன. தெரிந்த பொருளின் புதிய வடிவம் நோயைத் தீர்ப்பதில் கூடுதல் திறனைக் காட்டினாலொழியக் காப்புரிமை கிடையாது என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அதைக் காட்டிச் சென்னை அலுவலகம் 2006இல் விண்ணப்பத்தைத் தள்ளியது. அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அதுவும் தள்ளுபடி. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்தது. ஒரு கண்டுபிடிப்பு நோயாளியின் வாய்வரை போய்ச் சேரக் கத்தரிக்கோல் பிடித்த கை மட்டும் போதவில்லை. பாரிமுனையில் வாதாடிய கறுப்புக் கோட்டுகளும் வேண்டியிருந்தன. மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் இந்தப் பகுதியை அடிக்குறிப்பில் தள்ளுவதை நான் ஏற்பதில்லை.

ரௌலிக்குப் பெருமைகள் தாமதமாக வந்தன, வந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1998இல் லாஸ்கர் பரிசு. உடன் பெற்றவர்களில் ஒருவர் அதே பீட்டர் நோவெல். துண்டு தொலைந்ததைக் கண்டவரும் கிடைத்ததைக் கண்டவரும் ஒரே மேடையில் நின்றார்கள். 2009இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம். 2012இல் ட்ரூக்கர், லிடன் இருவரோடும் ஜப்பான் பரிசு. நோபல் வரவில்லை. நடுவே, அதிபர் புஷ் அமைத்த உயிர்நெறிக் குழுவில் உறுப்பினராக இருந்தபடியே, கருமூல உயிரணு ஆய்வுக்கு அவருடைய அரசு போட்ட தடைகளைத் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். எண்பது வயதுக்குப் பிறகும் ஹைடு பார்க் தெருக்களில் சைக்கிள் மிதித்து ஆய்வகத்துக்குப் போனார். 2013 டிசம்பர் 17 அன்று, சினைப்பைப் புற்றுநோயின் பின்விளைவுகளால், எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். டெல்லித் தீர்ப்பு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பதினைந்தும் பதினேழும் மாறிய அந்தக் கொடிய நோய் என்னவாயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். 1980களில் ஷாங்காயில் வாங் ஸென்யீ என்ற மருத்துவர் ஏ.பி.எல். நோயாளிகளுக்கு விட்டமின் ஏயிலிருந்து செய்த ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1988இல் 24 நோயாளிகளைப் பற்றி அவருடைய குழு எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. புற்றணுக்களைக் கொல்லாமல், முதிர்ந்து இயல்பாக மடியும்படி செய்தது அந்த மருந்து. பதினேழாம் குரோமோசோமில் அறுபட்ட மரபணு, விட்டமின் ஏ வந்து அமர வேண்டிய ஏற்பியினுடையது என்று பிற்பாடு தெரிந்தது. ரௌலி பார்த்த வெட்டு சரியாக அங்கேதான் விழுந்திருந்தது.

சீனாவின் வடகோடியில், ஹார்பினில், இதே நோய்க்கு இன்னொரு மருந்து கிடைத்தது. அது ஆர்சனிக், நம் ஊரில் பாஷாணம் என்போமே அதேதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் அதையே முக்கிய மருந்தாகக் கொடுத்து, வேறு புற்றுநோய் மருந்து அதிகம் சேர்க்காமல், 72 ஏ.பி.எல். நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள். அவர்களில் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுதாக அடங்கியது. விக்ரம் மேத்யூஸும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் அதை எழுதியபோது, விலையுயர்ந்த சிகிச்சை எட்டாத ஊர்களில் இந்த நோய்க்கு என்ன வழி என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு விடை ஒன்று கிடைத்தது. ஹார்பினிலிருந்து வேலூர் வரை அந்தப் பாஷாணம் வந்த வழியை அடுத்த இதழில் பார்ப்போம்.